பெஞ்சுக்காகக் குடித்த தேத்தண்ணி

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி ஹட்டன் பழைய சந்தைக்கு வந்தது. உங்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "சந்தைக்குள்ள அந்தச் சின்னத் தேத்தண்ணிக் கடை... அந்த ருசி இனி எங்க வரும்?" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். கிழவிக்கு என்னவோ கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். அன்று சொல்லாமல் வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் அந்த ருசிக்கு ஏங்குகிறவர்கள் தாராளமாக ஏங்கிக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களான நமக்கெல்லாம் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்து சில வருடங்கள் கழிந்திருந்த காலம் அது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. கடை எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மீன் கடைகளுக்கும் மரக்கறிக் கடைகளுக்கும் நடுவில், சந்தைக் கழிவு ஓடுகிற கானுக்கு மேலே பலகை அடித்துக் கட்டியிருந்தார்கள். முகப்பில் 'தேநீர்ச்சாலை' என்று எழுதியிருக்கும். உள்ளே நுழைந்தால் முதலில் மீன் வாடை. அது பழகியதும் நனைந்த கம்பளி வாடை. மழைக்குப் போர்த்திக்கொண்டு வந்த கம்பளிகள் எல்லாம் அடுப்புச் சூட்டில் ஆவி விட்டுக்கொண்டு தொங்கும். வடையும் பணிஸும் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குக் கதவு கிடையாது. ஆகவே ஈக்களும் உள்ளேதான் குடியிருந்தன.

அடி பருத்த கண்ணாடிக் கிளாஸ்கள் ஞாபகம் இருக்கிறதா? இப்போது தேடினாலும் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். அத்தனையையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மத்தியானத்துக்குள் வாளித் தண்ணீரும் தேத்தண்ணியும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். துடைக்க ஒரு துணி. மேசைக்கும் அதுதான், பெஞ்சுக்கும் அதுதான், கடை முதலாளியின் கழுத்து வியர்வைக்கும் அதுதான். தேயிலைச் சாயம் வடிக்கிற பை மட்டும் தனி. கம்பி வளையத்தில் தைத்த நீளமான துணிப்பை. கறுத்துப்போய்ப் பிசுபிசுவென்று இருக்கும். முதலாளி ஒவ்வொரு தடவையும் அதைக் கையால் கடைசிச் சொட்டு வரை பிழிவார். "பிழிஞ்சாத்தான் சாயம் நிக்கும்" என்று பெருமையாகச் சொல்வார். நீங்கள் ருசி ருசி என்று சொல்கிறீர்களே, அந்த ருசி அந்தக் கையிலிருந்து வந்தது.

பிறகு ஏன் நம் ஆட்கள் அங்கேயே போய் விழுந்தார்கள்? பெஞ்சுதான் காரணம். பெரிய தெருவில் இருந்த ஹோட்டல்களில் தோட்டத்து ஆட்கள் என்றால் பின்பக்கம் போய், நின்றபடி, தகரக் குவளையில் வாங்கிக் குடிக்க வேண்டும். இந்த முதலாளி மட்டும்தான் வாசலிலேயே கும்பிட்டு, "வாங்க கங்காணி, உள்ள வந்து ஒக்காருங்க" என்பார். என் மாமா, அம்மாவின் அண்ணன், ஒரு சிறு கூட்டத்தை வேலை வாங்குகிற சில்லறைக் கங்காணி. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு அந்தப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். தோட்டத்தில் துரைக்கு முன்னால் நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளைக்கு முன்னால் நிற்க வேண்டும், மருந்து கொடுக்கிற ஐயாவுக்கு முன்னால்கூட நிற்க வேண்டும். அங்கே மட்டும் உட்காரலாம். அது இன்று எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிவதால் அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை.

பெண் பார்ப்பதும் அந்தக் கடையில்தான் நடக்கும். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், குடும்பத்துக்கு அறை ஒன்று. அதற்குள் அடுப்பு, ஆடு, பிள்ளைகள், விறகு எல்லாம். அங்கே மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்தால் லயம் முழுக்க வாசலில் வந்து நிற்கும். பேச்சு முறிந்தால் மறுநாள் கொழுந்து எடுக்கிற செடி வரிசையில், நிரைக்கு நிரை அதுதான் கதை. அதனால் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சந்தைக்கு வந்ததுபோல வரும், தற்செயலாகச் சந்தித்ததுபோல அந்தக் கடைக்குள் நுழையும். பிடித்தால் சம்பந்தம். பிடிக்காவிட்டால் தேத்தண்ணி குடித்தோம் போனோம். யாருக்கும் அவமானம் இல்லை என்று பெரியவர்கள் இந்த ஏற்பாட்டை மெச்சிக்கொள்வார்கள். முதலாளி இதில் தரகும் பார்ப்பார்.

சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, அப்படித்தான் பேச்சு வந்தது. மாப்பிள்ளை அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலைக்குள், வேலை. மழை இல்லை, அட்டை இல்லை. மாசித் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்த சித்திக்கு ஆளைப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுவதும் கொழுந்துக் கறை போகட்டும் என்று எலுமிச்சம் பழத் தோலால் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாமா வீட்டில் அவள் படுத்தது அடுப்படியில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால். மாமி வடித்த கஞ்சித் தண்ணீரைக் கொட்டக் கதவைத் திறந்தால் இவள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். கல்யாணம் என்றால் அவளுக்குக் கால் நீட்டிப் படுக்க ஓரிடம் என்றுதான் அர்த்தம். நான் மிகைப்படுத்தவில்லை, என்னிடம் அவளே சொன்னாள்.

அந்த ஞாயிறு அம்மாவின் கல்யாணச் சேலையைச் சித்திக்குக் கட்டிவிட்டார்கள். கத்தரிப்பூ நிறம். மாமா, அம்மா, சித்தி, நான் என்று போனோம். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வழிய வழிய, சட்டைக் கழுத்தை இறுக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் சித்திக்கு அடுப்புக்கு முதுகு காட்டித்தான் இடம் கிடைத்தது. எனக்குப் பெஞ்சில் இடமில்லை. அடுப்பு ஓரமாக ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அதனால்தான் பார்த்தேன். முதலாளியின் வலது கைக் கட்டைவிரலில் நகச்சுற்று. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, கிழிந்த துணியால் சுற்றியிருந்தார். துணி நனைந்து, மஞ்சள் கசிந்து, ஓரத்தில் சீழும் கசிந்திருந்தது. அந்தக் கையால்தான் சாயப் பையைப் பிழிந்தார். கொதிக்கிற பை, சுட்டதும் கையை உதறிவிட்டு மறுபடி பிழிந்தார். விரல்கள் வழியே சாயம் கிளாஸுக்குள் ஓடியது. கிளாஸ்களை மேசைக்கு எடுத்துக்கொண்டு போனபோது அந்தக் கட்டைவிரல் வெறுமையாக, வெளுத்து ஊறிப்போய் இருந்தது. துணியைக் காணவில்லை.

நான் வாய் திறப்பதற்குள் சித்தி கிளாஸை எடுத்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலை நிமிரக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, வாயிலிருந்து எதையும் எடுக்கவும் கூடாது. இரண்டு மடக்கு குடித்தாள். மூன்றாவது மடக்கில் அவள் கன்னம் அசையாமல் நின்றது. வாயில் ஏதோ இருக்கிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விழுங்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. அடுத்த நொடி மேசைக்குப் பக்கமாகக் குனிந்து, காலையில் குடித்தது வரைக்கும் எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டாள். நடுவில் அந்த மஞ்சள் துணி கிடந்தது.

"மாமா, துணி மாமா! மொதலாளி வெரல்ல கட்டியிருந்த துணி!" என்று நான் கத்தினேன். நன்றாகத்தான் கத்தினேன், மீன் கடைக்காரர் வரை திரும்பிப் பார்த்தார். முதலாளி ஒரு கூடை மரத்தூளைக் கொண்டுவந்து அதன்மேல் கொட்டி, விளக்குமாற்றால் கானுக்குள் தள்ளிவிட்டார். கை அத்தனை சுறுசுறுப்பு. "என்னா கங்காணி, சின்னப் புள்ளைய இப்புடியா வளக்கிறது?" என்றார். மாமா என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றத் தோட்டத்து ஆட்களைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். "வாய மூடு. நம்மள மதிச்சு ஒக்கார வைக்கிற எடம் இது."

மாப்பிள்ளையின் அம்மா, மகன் வாய் வைக்காத கிளாஸைத் தள்ளிவிட்டு, எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "ரெண்டு வாய் தேத்தண்ணி நிக்காத வயிறு என்னா வயிறுன்னு எங்களுக்கும் தெரியுங்க. நாங்களும் புள்ள பெத்தவங்கதான்" என்றாள். அவ்வளவுதான். கடையில் இருந்த அத்தனை பேரும் சித்தியின் இடுப்பைப் பார்த்தார்கள். வெளியே கான் ஓரத்தில் சித்தி மறுபடி குமட்டிக்கொண்டு நின்றபோது, மரக்கறி விற்ற சிங்களத்து அம்மா ஒருத்திதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அனே துவே, மே தே பொன்ன எப்பா" என்றாள். மகளே, இந்தத் தேத்தண்ணியைக் குடிக்காதே என்று அர்த்தம். பக்கத்துக் கடைக்காரிக்கும் தெரிந்திருந்தது பாருங்கள்.

பஸ்ஸில் அம்மா சேலைக் கறையைத் துப்பித் துப்பித் துடைத்துக்கொண்டு வந்தாள். சித்தி என் காதருகே, "நீ பாத்தியா? நெசமாவே பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள். பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அதன் பிறகு வழி முழுவதும் ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே வந்தாள்.

மறுநாளே நிரைக்கு நிரை கதை போய்விட்டது. சித்தி பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தால் பேச்சு நிற்கும். அவள் நகர்ந்தால் தொடங்கும். மாமி அவளுக்குச் சோறு போட்ட தட்டைத் தனியாக வைத்தாள். ஒருநாள் காலையில் மாமா சொல்லி, அம்மா சித்தியைத் தோட்டத்து மருத்துவிச்சியிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. சித்தி வெளியே வந்தபோது உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. "ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போ" என்று மருத்துவிச்சி சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஒரு நாறல் துணிக்காக ஒரு பெண்ணைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். நாற்றம் பிடித்த அந்த விரலை ஒருவரும் பார்க்கவில்லை.

அத்தோடும் முடியவில்லை. "ஒங்க தோட்டத்து மருத்துவிச்சி ஒங்களுக்கு ஏத்த மாதிரிதானே சொல்லும்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பினாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு முதலாளியிடமே ஆலோசனைக்குப் போனார். யாரிடம் போனார் பாருங்கள்! முதலாளி கண்டுபிடித்த வழி இது: அடுத்த சம்பள ஞாயிறு அதே கடை, அதே பெஞ்சு, இரண்டு குடும்பமும். பெண் ஒரு கிளாஸ் தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு வெற்றிலை போடும் நேரம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வயிற்றில் நின்றால் பெண் சுத்தம், அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம். கடைப் பெயரும் காப்பாற்றப்படும். மாமா இதை வீட்டில் வந்து சொன்னபோது பெரிய நியாயம் கிடைத்துவிட்டதுபோல முகம் தெளிந்திருந்தது.

அம்மா மட்டும், "அண்ணே, அந்தத் தண்ணியவா மறுபடியும்..." என்று இழுத்தாள். அம்மாவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும், அதுதான் எனக்கு இன்று வரை ஆறவில்லை. "தேத்தண்ணியில கொறன்னு சொன்னா நாளைக்கு நம்மள எவன் பெஞ்சில ஒக்கார வைப்பான்? தோட்டத்துக்கே கேடு" என்றார். பிறகு சித்தியிடம், "மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சிரு தாயி. ஒரு கிளாஸ்தானே" என்றார். அந்த 'தாயி' என்ற சொல்லை நினைத்தாலே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கும்.

சித்தி பிறகு நன்றாகத்தான் வாழ்ந்தாள், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். மாமாவும் சாகிற வரை அந்தக் கடைக்கே போனார், அதே பெஞ்சில் உட்கார்ந்தார், அதே கிளாஸில் குடித்தார். முதலாளியின் மகன் பிற்பாடு கடையைப் பெரிதாகக் கட்டினான் என்றும் கேள்விப்பட்டேன். அசிங்கமெல்லாம் அழிந்துபோகும் என்று நினைப்பவர்கள் ஹட்டனுக்குப் போய்ப் பார்த்து வரலாம்.

அந்த இரண்டாவது ஞாயிறு கடைக்குள் கூட்டம். தற்செயலாக வந்தது யாரும் இல்லை. பரீட்சை பார்க்கவென்றே தோட்டம் தோட்டமாக வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தன் பழைய இடத்தில் உட்காரப் போனார். சித்தி குனிந்த தலையோடு விறுவிறுவென்று போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள், அடுப்பைப் பார்த்து. பொண்ணுக்கு என்ன அவசரம் என்று யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை எதிரே, அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியதாயிற்று.

முதலாளி பையை எடுத்தார். நகச்சுற்று ஆறவில்லை, கட்டைவிரலில் புதுத் துணி, அதே மஞ்சள். சித்தி கண்ணெடுக்காமல் பார்த்தாள். பை பிழிகிற சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டார். அவர் முன்னால் கிளாஸ் வந்ததும் அதை இரண்டு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார். இதையெல்லாம் நான் பார்த்தேன். சித்தியும் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. அதுவரை அவளுக்குள் எங்கேயோ கொஞ்சம் ஆசை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது அப்போதுதான் போனது.

கிளாஸை எடுத்தாள். நிறுத்தாமல் குடித்தாள். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. அடியில் தங்கியிருந்த தூளையும் சேர்த்து வாயில் கவிழ்த்துக்கொண்டு, கிளாஸைத் தலைகீழாக மேசையில் வைத்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மாமா வெற்றிலைத் தட்டைத் திறந்தார். சித்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நெற்றியில் வியர்வை, உதடு வெளுப்பு, ஆனால் குடித்தது வயிற்றில் நின்றது. மாமா ஒரு வாய் வெற்றிலை மென்று முடித்து, "என்னாங்க சம்பந்தி அம்மா?" என்றார். மாப்பிள்ளையின் அம்மா, "சரிங்க, குத்தமில்ல. தட்ட மாத்திக்குவோம்" என்றாள். கடை முழுக்க ஒரு பெருமூச்சு. முதலாளி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் சித்தி தலையை நிமிர்த்தினாள். மாப்பிள்ளையின் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க குடிக்கலியே" என்றாள்.

"எனக்கு... சூடு ஆகாது" என்றார் அவர்.

"ஆறிப்போயிருச்சுங்க. அன்னிக்கு நீங்க இந்தப் பக்கம், அடுப்பப் பாத்துதானே ஒக்காந்திருந்தீங்க? அன்னிக்கும் குடிக்கல."

"பொண்ணு பேசுற பேச்சா இது? பரீட்ச ஒனக்குத்தான், அவனுக்கில்ல" என்று அவர் அம்மா பாய்ந்தாள்.

"நான் முழுசாக் குடிச்சேன்மா. ஒங்க மகன் ஒரே ஒரு வாய் குடிக்கட்டும். நல்ல தண்ணிதானே மொதலாளி?"

முதலாளிக்குச் சிக்கல். கடை நிறைய ஆட்கள், அத்தனை பேர் கையிலும் அவருடைய கிளாஸ். "என்னா சந்தேகம்? குடிங்க மாப்புள. நம்ம கடைத் தேத்தண்ணிக்கு என்னா கொறச்சல்?" என்றார். மாமாவும் வேறு வழியில்லாமல், "குடிங்க தம்பி" என்றார். மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு வாய்தான். கன்னம் இரண்டும் உப்பின. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினார். விழுங்கியது திரும்பி வந்தது. இறுக்கிப் பொத்தான் போட்ட சட்டை முழுக்கக் கொட்டியது, மேசையில் கொட்டியது, வெற்றிலைத் தட்டிலும் கொட்டியது.

முதலாளி மரத்தூள் எடுக்கக்கூட அசையவில்லை. சித்தி எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மாவிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"இப்ப சொல்லுங்கம்மா, ஒங்க மகனுக்கு எத்தனாவது மாசம்?"